கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம்

கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் வட்டத்தில் உள்ளது. தெற்கு நோக்கி வரும் சோழமண்டலக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை இது. வெளிமானைக் காப்பதற்காக 1967 ஜூன் 13 அன்று, 17.26 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. 2002இல், இதை உள்ளடக்கிய பெரும் ஈரநிலப் பரப்பு தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமானது. காவிரிப் படுகையின் கடைக்கோடியில் இருப்பதால், இதன் வரலாறு படுகையின் தண்ணீர் வரலாற்றோடு சேர்ந்தே நடந்திருக்கிறது.

நிலமும் நீரும்

சரணாலயப் பகுதியில் மூன்று வகை நிலம் உண்டு. மணல்மேடுகள் மீது வறண்ட பசுமைமாறாக் காடு நிற்கிறது. காட்டுக்கும் கடலுக்கும் இடையே புல்வெளி. வடக்கிலும் மேற்கிலும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. அது மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீள்கிறது.

சதுப்புக்கு மூன்று வழியில் தண்ணீர் வருகிறது: கடலின் ஏற்றம், ஐப்பசி கார்த்திகை மழை, படுகையின் வடிகால். தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை வயல்களில் வடியும் நீர், ஆறுகள், வாய்க்கால்கள் வழியே இந்தக் கடலோரத் தாழ்நிலங்களைத் தேடித்தான் இறங்குகிறது. முத்துப்பேட்டை காயலில் பாமினியாறு, கோரையாறு உள்ளிட்ட கிளையாறுகள் கலக்கின்றன. உப்பும் நன்னீரும் கலக்கும் அளவைப் பொறுத்தே மீன்குஞ்சு, இறால், புழு பூச்சி பெருகும். அவை பெருகினால்தான் பறவை இறங்கும்.

உயிரினங்கள்

காட்டின் முதன்மை மரம் பாலை. நாவலும் முட்புதர்களும் மூலிகைகளும் மிகுதி. புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, குரங்கு ஆகியவற்றோடு, வளர்ப்பிலிருந்து விடுபட்டுக் காட்டில் பெருகிய மட்டக் குதிரைகளும் உள்ளன.

சரணாலயம் உருவாகக் காரணமான வெளிமான் திறந்தவெளிப் புல்லில் வாழும் விலங்கு. முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகும் வளர்ந்த ஆணுக்கு மட்டுமே உண்டு. பெண்ணும் குட்டியும் வெளிர் பழுப்பு. பகையைத் தூரத்திலேயே கண்டு ஓடித் தப்புவதுதான் இதன் தற்காப்பு. எனவே புதர் மண்டினால் வெளிமானுக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இடம்பெற்றுள்ளது.

பறவைகளில் 250க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் நூற்றுக்கும் அதிகமானவை நீர்ப்பறவைகள். பெரும் பூநாரை இங்கு பெயர்பெற்றது. உலகில் மிக அரிதாகிவிட்ட கரண்டிமூக்கு உள்ளானும் இங்கே பதிவாகியிருக்கிறது.

பழைய வரலாறு

சுந்தரர் பாடிய கோடிக்குழகர் கோயில் இங்குள்ளது. கடற்காற்று வீசும் காட்டுக்கரையில் இறைவன் துணையின்றித் தனித்திருப்பதைக் கண்டு கவலைப்படுவதாக அமைந்த பதிகம் அது. ஆள்நடமாட்டம் குறைந்த காடாக இந்த இடம் அன்றே அறியப்பட்டிருந்தது. சோழர் காலத்தது எனக் கருதப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் ஒன்றும் இங்கே இருந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கோடியக்கரையைத் தமிழ் வாசகர் மனத்தில் நிலைக்கச் செய்தது.

உப்பு இவ்வட்டாரத்தின் பழந்தொழில். திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்துவந்த தொண்டர்கள் 1930 ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிச் சட்டத்தை மீறினர். அங்குள்ள உப்பளங்களுக்கு அடுத்தே சதுப்பும் காடும் தொடங்குகின்றன.

சரணாலயம் உருவான விதம்

1962இல் பறவையியலாளர் சாலிம் அலி இப்பகுதியின் சிறப்பை எடுத்துக்காட்டினார். ஐந்தாண்டு கழித்து வந்த அறிவிப்பு காட்டையும் வெளிமானையும் மட்டுமே காத்தது. பறவைகள் திரளும் சதுப்பின் பெரும்பகுதி எல்லைக்கு வெளியே நின்றது. அதில் உப்பளங்கள் விரிந்தன. 1988இல் சதுப்பையும் தலைஞாயிறு காப்புக்காட்டையும் சேர்த்து, வனவிலங்கு மற்றும் பறவைகள் சரணாலயமாக விரிவாக்கும் திட்டம் வந்தது. சதுப்புப் பகுதிகள் 2013இல்தான் தனிச் சரணாலயப் பகுதிகளாகச் சட்டக் காப்புக்குள் வந்தன.

இடையில், 2002 ஆகஸ்ட் 19 அன்று, 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான இந்த ஈரநில உடன்படிக்கையில் இந்தியா 1982இல் இணைந்தது. 2022இல் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், வேடந்தாங்கல் முதலியவை சேரும் வரை இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டின் ஒரே ராம்சார் தலமாகக் கோடியக்கரையே இருந்தது.

பறவை ஆய்வு

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகின்றனர். பரம்பரையாகப் பறவை பிடித்துவந்த பீகாரின் மிர்ஷிகார் குடியினர் இதில் பெரும் துணை. இருட்டில் ஆழமற்ற நீர்மேல் மெல்லிய வலை கட்டப்படும். சிக்கிய பறவையை இறகு ஒடியாமல் விடுவித்து, இறக்கையையும் அலகையும் அளந்து, துணிப்பையில் இட்டு எடை பார்ப்பார்கள். பிறகு எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த உலோக வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவார்கள். முப்பது கிராமுக்கும் குறைவான கொசு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு, குளிர்காலத்தை இந்தச் சேற்றில் கழிக்கிறது. இலங்கைக்குப் போகும் பறவைகளுக்கு, பாக் நீரிணையைத் தாண்டுமுன் இரை தேடி இளைப்பாறக் கிடைக்கும் கடைசி இடங்களுள் இதுவும் ஒன்று.

பேரிடர்கள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பழைய கலங்கரை விளக்கம் இடிந்து விழுந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், காட்டின் மரங்களைச் சாய்த்தது. வெளிமான்கள், குதிரைகள், பறவைகள் ஏராளமாக மடிந்தன. மான்களின் உடல்கள் வடக்கே காரைக்கால் கரை வரை ஒதுங்கின. திறந்தவெளியில் வாழும் விலங்குக்குக் காற்றிலிருந்தும் கடல்நீரிலிருந்தும் ஒதுங்க மேட்டுநிலம் வேண்டும். இந்த முனையிலோ ராமர் பாதம் எனப்படும் மணல்மேடே குறிப்பிடத்தக்க உயரம்.

சிக்கல்களும் காப்பு முறைகளும்

சீமைக் கருவேலம் புல்வெளிக்கு முதல் எதிரி. காயைத் தின்னும் விலங்குகளின் சாணத்தோடு விதை பரவி, வெளிமானின் மேய்ச்சல் நிலத்தை முள்காடாக்குகிறது. வனத்துறை இதை வேரோடு அகற்றி வருகிறது. வெட்டிவிட்டு அப்படியே விட்டால் மீண்டும் துளிர்ப்பதால், தொடர்ந்து களைய வேண்டியுள்ளது. குறைந்த புல்லுக்கு வெளிமானோடு மட்டக் குதிரைகளும் போட்டியிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. காடு சரணாலயமானபின் விறகெடுப்பும் மேய்ச்சலும் கட்டுப்படுத்தப்பட்டன. சுற்றுக் கிராமங்களுக்கும் வனத்துறைக்கும் இடையே இது நெடுநாள் உரசல்.

கடற்கரையில் பங்குனி ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் மணலுக்குள் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் பணி ஆண்டுதோறும் நடக்கிறது. முட்டையை நாயும் நரியும் தோண்டித் தின்றுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

சதுப்பின் நிலைதான் கடினமானது. தொழிற்சாலைகளுக்கான பெரும் உப்பளங்கள் கரை கட்டிப் பாத்தி பிரித்ததால் நீரோட்டம் மாறியது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஆற்றுநீர் திறப்பு மனிதர் கணக்குக்கு உட்பட்டது. அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைமடை வயலே காயும்போது, அதற்கும் கீழேயுள்ள சதுப்புக்கு நன்னீர் மிஞ்சுவதில்லை. உவர்ப்பு ஏறினால் பறவைக்கான இரை குறைகிறது, அலையாத்தி குன்றுகிறது.

வேளாண் மண்டலப் பாதுகாப்பு

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றிக் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் உள்ளிட்ட சில தொழில்களுக்கு அது தடை விதித்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் இதில் அடங்கும். கடைமடை வயல்களும் இதனால் காப்பு பெற்றன. நெல்லுக்காக வந்த சட்டம் என்றாலும், வயல் வயலாக இருக்கும்வரைதான் வடிகாலும் வடிகாலாக இருக்கும் என்பதால், சதுப்புக்கும் இதில் பங்கு உண்டு.

மதிப்பீடு

கோடியக்கரையில் காடும் வெளிமானும் 1967 முதல் சட்டத்தின் நிழலில் நிற்கின்றன. சதுப்பு முழுமையான காப்புக்கு நெடுங்காலம் காத்திருந்தது. இன்று எல்லைக்குள் வேட்டைக்குத் தடை உண்டு, ஆனால் எல்லைக்குள் வரும் தண்ணீரை முடிவுசெய்யும் அதிகாரம் சரணாலயத்திடம் இல்லை. ஆறுகளைத் தூர்வாருவது, கடைமடைக்கு முறையாக நீர் விடுவது, உப்பளக் கரைகளுக்கிடையே வடிகாலைத் திறந்து வைப்பது ஆகியவை பொதுப்பணிக் கணக்கில் மட்டுமன்றி வனப்பாதுகாப்புக் கணக்கிலும் சேராதவரை, இங்குள்ள காப்பு பாதிக் காப்புதான்.