10.07: முதல் தடத்தில் ஓடியவர்

உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்பின் ஆடவர் 100 மீட்டர் வெற்றியாளர் பட்டியலைப் படித்துக்கொண்டு வருபவர், 2003ஆம் ஆண்டை எட்டும்போது சற்றுத் தயங்குவார். கார்ல் லூயிஸ், லின்ஃபர்ட் கிறிஸ்டி, டோனவன் பெய்லி, மாரிஸ் கிரீன் என நீளும் வரிசையில், செயின்ட் கிட்ஸ்–நெவிஸ் என்னும் கரீபியத் தீவு நாட்டைச் சேர்ந்த கிம் காலின்ஸின் பெயர் வருகிறது. நேரம் 10.07 விநாடி. அதற்கு முன்பு இத்தனை மெதுவாக இப்பட்டம் வெல்லப்பட்டது 1983 ஹெல்சின்கியில் மட்டுமே. அங்கே லூயிஸ் எடுத்துக்கொண்டதும் இதே 10.07தான். இடைப்பட்ட பட்டங்கள் யாவும் பத்து விநாடிக்குள் வெல்லப்பட்டவை. ஆகவே காலின்ஸின் வெற்றியை இரு பெரும் சகாப்தங்களுக்கு நடுவே வாய்த்த தற்செயலாகக் கருதும் போக்கு எளிதில் வேரூன்றியது. அந்தக் கருத்தைத்தான் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது.

ஹெல்சின்கிப் போட்டி நடந்த ஆகஸ்ட் மாதத்தில் செயின்ட் கிட்ஸ்–நெவிஸ் சுதந்திர நாடே அல்ல. 1983 செப்டம்பர் 19 அன்றுதான் அது பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. பரப்பு 261 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ ஐம்பதாயிரம். பழங்குடிகள் செயின்ட் கிட்ஸை 'லியாமுய்கா' என்றனர். வளமான நிலம் என்று அதற்குப் பொருள் கூறுவர். அந்த வளத்தை நூற்றாண்டுகளாகக் கரும்பு உறிஞ்சியது. அரசுச் சர்க்கரைத் தொழில் மூடப்பட்டது 2005இல்தான். தலைநகர் பாஸ்டெரின் பெயர் இந்திய வாசகர்க்குத் தெரிந்திருந்தால், பெரும்பாலும் 2006இல் அங்கு நடந்த டெஸ்ட் ஆட்டத்தின் வழியாகத்தான் இருக்கும். 1996 அட்லாண்டாவில் இந்நாடு முதன்முறையாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டபோது, இருபது வயதுக் காலின்ஸும் அக்குழுவில் இருந்தார்.

2000 சிட்னியில் அவர் 100 மீட்டர் இறுதிப்போட்டியை எட்டி ஏழாவதாக வந்தார். அடுத்த ஆண்டு எட்மன்டனில் 200 மீட்டரில் ஷான் கிராஃபர்டுடன் வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டார். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் 9.98 விநாடியில் தங்கம் வென்றார். 'தற்செயல்' என்ற சொல்லுக்கு எதிரான சான்றுகளாகப் பாரிஸுக்கு முன்பே இவ்வளவும் இருந்தன.

2003இன் பாரிஸ் போட்டி தொடக்கத்திலிருந்தே கொந்தளிப்பானது. முதல் தவறான தொடக்கம் எல்லார்க்கும் பொதுவான எச்சரிக்கை. அடுத்து யார் முந்திப் புறப்பட்டாலும் வெளியேற்றம் என்ற புதிய விதி அவ்வாண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. காலிறுதியில் அதனால் தகுதியிழந்த அமெரிக்கர் ஜான் டிரம்மண்ட் ஓடுபாதையிலேயே படுத்துவிட்டார். அசாஃபா பவலும் அதே ஓட்டத்தில் வெளியேற நேர்ந்தது. நடப்புச் சாம்பியன் கிரீன் அரையிறுதியைத் தாண்டவில்லை. ஆகஸ்ட் 25 அன்று நடந்த இறுதிப்போட்டியில் காலின்ஸுக்குக் கிடைத்தது முதல் தடம். நடுத்தடங்கள் அரையிறுதியில் முன்னணியில் வந்தவர்களுக்கு உரியவை. அவர் 10.07 விநாடியில் முடித்தார். அவரை அடுத்து டாரல் பிரவுன், டாரன் கேம்ப்பெல், டுவைன் சேம்பர்ஸ் ஆகிய மூவரும் 10.08. நால்வரை ஒரு நூற்றில் ஒரு பங்கு விநாடி பிரித்தது. 9.78 என்ற உலகச் சாதனையைத் தன் பெயரில் வைத்திருந்த டிம் மாண்ட்கோமரி ஐந்தாவது இடத்தில் வந்தார்.

ஆனால் இன்றைய ஆவணங்களில் அந்த நான்காம், ஐந்தாம் இடங்கள் அப்படியே இல்லை. பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்னர் எடுக்கப்பட்ட சேம்பர்ஸின் மாதிரியில் டி.எச்.ஜி. என்னும் ஊக்கமருந்து கண்டறியப்பட்டு, அவருடைய முடிவு நீக்கப்பட்டது. மாண்ட்கோமரியின் சாதனையும் பின்னர் அழிக்கப்பட்டது. அந்தக் காலத்து 'வேகமான' எண்கள் பல அடித்தெழுதப்பட்டுவிட்ட பின், 10.07ஐ மெதுவானது என்பது எந்த அளவுகோலைக் கொண்டு?

இங்கே ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. மான்செஸ்டர் வெற்றிக்குப் பின் காலின்ஸின் மாதிரியிலும் சால்பியூட்டமால் தென்பட்டது. அது ஆஸ்துமா மருந்து. அதை உட்கொள்வதை அவர் முன்கூட்டி அறிவித்திருக்கவில்லை. எச்சரிக்கையோடு விடுவிக்கப்பட்டுப் பதக்கத்தை வைத்துக்கொண்டார். இதனைச் சேம்பர்ஸின் குற்றத்தோடு ஒரே தட்டில் வைக்க இயலாது. எனினும் வரலாற்றிலிருந்து விட்டுவிடவும் இயலாது.

நாடு அவரைக் கொண்டாடியது. ஆகஸ்ட் 25 கிம் காலின்ஸ் நாளாயிற்று. ஒரு நெடுஞ்சாலையும் ஒரு விளையாட்டரங்கமும் அவர் பெயரைப் பெற்றன. 2005 ஹெல்சின்கியில் வெண்கலம். ஓய்வை அறிவித்துத் திரும்பிய பின், 2011 டேகுவில் 35 வயதில் 100 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் இரு வெண்கலங்கள். மறு ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் கொடியேந்திச் சென்ற அவரே, ஓடுவதற்கு முன் அணியிலிருந்து விலக்கப்பட்டார். பயிற்சிக்கு வரவில்லை என்றனர் அதிகாரிகள். விடுதியில் மனைவியைச் சந்திக்கச் சென்றதே காரணம் என்றார் அவர். இனி நாட்டுக்காக ஓடுவதில்லை என்றும் அறிவித்தார். ஒருவரையே நம்பியிருந்த சிறு நாட்டின் நிர்வாகத்துக்கும் அந்த ஒருவருக்கும் இடையில் நின்று சமரசம் செய்ய வேறு யாருமில்லை.

2013இல் 9.97, 2014இல் 9.96. 2016 மே 29 அன்று ஜெர்மனியின் போட்ராப் நகரில், நாற்பது வயது நிறைந்த பின், 9.93 விநாடியில் ஓடினார். அந்த வயதைக் கடந்து பத்து விநாடிக்குள் ஓடிய முதல் மனிதர் அவரே. வாழ்நாளில் அவர் ஓடிய மிக வேகமான ஓட்டமும் அதுவே. மூன்று மாதங்களுக்குள், ரியோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் அரையிறுதியில், மீண்டும் செயின்ட் கிட்ஸ்–நெவிஸின் சீருடையில் அவர் ஓடினார்.