குன்னூர் எலிகளும் கேப்பைக் கூழும்

பாலை விட்டுட்டேன்னு சொன்னா நம்ம ஊர்ல வர்ற முதல் கேள்வி, "அப்ப எலும்பு என்னாகும்?" பால் சாமான் எதுவுமே வயித்துக்கு ஒத்துக்காம ரெண்டு வருஷமா நான் அந்தப் பக்கமே போறதில்லை. அம்மாவும் பால் குடிக்க மாட்டாங்க; போன வருஷம் அவங்களுக்கு எலும்பு அடர்த்தி குறைஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால இதைச் சிரிச்சுட்டு விட முடியலை. பொட்டி தட்டின நேரம் போகத் தேடினதுல, விஷயம் குன்னூர்ல போய் நின்னுது.

1918-ல ராபர்ட் மெக்காரிசன்ங்கற ராணுவ டாக்டர், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல சத்துக்குறைவு நோய்களை ஆராய ஆரம்பிச்சார். இந்தியாவுல ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடறதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால்னு பஞ்சாப் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுன்னு இருந்துச்சு. நம்ம மதராஸ் அரிசிச் சாப்பாடு? கடைசி வரிசைதான் :-(

1935-ல அந்த ஆய்வகத்துக்கு இயக்குநரா வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். நம்ம உணவுப் பொருள்கள்ல எதுல என்ன சத்துன்னு அளந்து 1937-ல ஒரு அட்டவணை போட்டாங்க. அரிசியையே நம்பி வளர்ற பிள்ளைகளுக்குக் கால்சியம் உப்பு கொடுத்துப் பார்த்து, வளர்ச்சி கூடுதுன்னும் கண்டாங்க. ஆக, குறை மரக்கறியில இல்லை. தீட்டின அரிசியை மட்டும் நம்பினதுலதான்.

இன்னைக்குக் கணக்கைப் பாருங்க. 100 கிராமுக்குப் பசும்பால்ல சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். தீட்டின அரிசியில 10-ஐத் தாண்டாது. கேழ்வரகுல சுமார் 360! ஆப்பிரிக்க மேட்டு நிலத்துலேர்ந்து ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி வந்து, நம்ம மானாவாரிக் காட்டுல வேர் பிடிச்ச தானியம். அதைத்தான் ஏழை சோறுன்னு ஒதுக்கினோம். நெல்லுச் சோறு கௌரவமாச்சு, ரேஷன்லயும் அரிசியே வந்துச்சு, கூழ்ப்பானை ஆடி மாசத்துக்கு மட்டும்னு ஆயிடுச்சு.

அதுக்காகப் பச்சையா இருக்கறதெல்லாம் கால்சியம்னு நம்பிடாதீங்க. 1988-ல அமெரிக்காவுல ராபர்ட் ஹீனி குழு அளந்து பார்த்தப்போ, பால்லேர்ந்து கால்பங்குக்கு மேல கால்சியம் உடம்புல சேர்ந்துச்சு. பாலக் கீரையிலேர்ந்து வெறும் 5 சதவீதம்தான். ஆக்ஸலேட் அதைக் கட்டிப் போட்டுடுது. கேழ்வரகுலயும் பைட்டேட் இருக்கு. ஆனா ஊற வெச்சு முளைகட்டினாலும், கூழுக்குப் புளிக்க வெச்சாலும் அது குறையும். நம்ம பாட்டிங்க எந்த ஆய்வகத்துலயும் படிக்கலை, செஞ்சது என்னவோ சரி.

பயமும் வெறும் பயம் இல்லை. 2007-ல இங்கிலாந்துல வந்த எபிக்-ஆக்ஸ்போர்டு ஆய்வுல, பால், முட்டை எதையும் தொடாதவங்களுக்கு எலும்பு முறிவு சுமார் 30 சதவீதம் அதிகம். ஆனா ஒரு நாளைக்கு 525 மில்லிகிராமாவது கால்சியம் எடுத்தவங்களை மட்டும் பார்த்தா அந்த வித்தியாசம் காணோம். நம்ம ஐ.சி.எம்.ஆர். 2010-ல பெரியவங்களுக்கு 600 போதும்னது, 2020-ல 1000 ஆக்கிடுச்சு. 100 கிராம் கேழ்வரகு மாவு, ஒரு கை முருங்கைக்கீரை, கால்சியம் உப்புல உறைய வெச்ச டோஃபு கொஞ்சம், பருப்புன்னு சேர்த்தா பெரும்பங்கு வந்துடும். கூடவே வெயில், வைட்டமின் டி இல்லாம கால்சியம் உள்ள சேராது. ஏ.சி.-ல உக்காந்து ஆணி புடுங்கற நமக்குத்தான் இது! அம்மா மாதிரி ஏற்கெனவே அடர்த்தி குறைஞ்சவங்களுக்குக் கூழ் மட்டும் மருந்தாகாது, டாக்டர் சொல்ற மாத்திரையும் வேணும்.

குன்னூர் ஆய்வகம் 1958-ல ஹைதராபாத்துக்குப் போயிடுச்சு. 2023-ல தமிழக அரசு, ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கேழ்வரகுன்னு முதல்ல ஆரம்பிச்சது தர்மபுரியிலயும் நீலகிரியிலயும். குன்னூர் எந்த மாவட்டம்னு நான் சொல்லணுமா?

கட்டி தட்டாம கூழ் காய்ச்சற பக்குவம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே, புண்ணியமாப் போகும் :-)