தி ஷேக் (1921 மௌனப்படம்)

தி ஷேக், 1921-இல் அமெரிக்காவில் வெளியான மௌனப்படம். பாலைவனத்தைக் களமாகக் கொண்டு காதலையும் சாகசத்தையும் சேர்த்துச் சொன்ன இந்தப் படத்தை ஜார்ஜ் மெல்ஃபோர்ட் இயக்கினார். ஃபேமஸ் பிளேயர்ஸ்-லாஸ்கி நிறுவனம் தயாரிக்க, பாரமவுண்ட் வெளியிட்டது. இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ருடால்ஃப் வாலண்டினோவை உலகறிந்த நட்சத்திரமாக்கியது இந்தப் படமே. அந்நியன் மீது எழும் மயக்கமும் அவனைக் கண்டு எழும் அச்சமும் இதில் ஒன்றாகவே கலந்திருக்கின்றன. திரையில் நாயகனுக்கு நேர்ந்தது, வாழ்க்கையில் அந்த நடிகருக்கும் நேர்ந்தது.

மூலக்கதை

இங்கிலாந்தைச் சேர்ந்த எடித் மாட் ஹல், ஈ. எம். ஹல் என்ற பெயரில் எழுதி 1919-இல் வெளியிட்ட நாவலே படத்துக்கு அடிப்படை. விமர்சகர்கள் இதைக் கடுமையாகச் சாடினார்கள். வாசகர்கள், குறிப்பாகப் பெண்கள், விழுந்து விழுந்து படித்தார்கள். தன்னைக் கடத்தி வந்து பலாத்காரம் செய்தவனையே நாயகி பின்னர் காதலிப்பதாக நாவல் சொல்கிறது. தணிக்கையை எண்ணிப் படக்குழு இதை மாற்றியது. படத்தில் அவளுடைய கண்ணீரைக் கண்டு ஷேக் விலகிப் போகிறான். ஆனாலும் கடத்தலைக் காதலின் தொடக்கமாகக் காட்டும் மூலக்கதையின் கோளாறு அப்படியே நின்றுவிட்டது. படத்தின் பெரிய குறை இதுதான்.

கதைச் சுருக்கம்

அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில், சகாராவின் விளிம்பில் உள்ள பிஸ்க்ரா நகரில் கதை தொடங்குகிறது. குளிர்காலத்தைக் கழிக்க ஐரோப்பியச் செல்வந்தர்கள் கூடிய ஊர் அது. யாருக்கும் கட்டுப்படாத ஆங்கிலப் பெண் டயானா மேயோ (ஆக்னஸ் ஏர்ஸ்), ஐரோப்பியத் துணை யாருமின்றிப் பாலைவனப் பயணம் புறப்படுகிறாள். வழியில் ஷேக் அகமது பென் ஹசன் அவளைத் தன் கூடாரத்துக்குத் தூக்கிச் செல்கிறான். ஷேக்கின் நண்பரான பிரெஞ்சு எழுத்தாளர் ரவூலாக அடால்ஃப் மென்ஜூ நடித்தார். பின்னர் ஒமைர் என்ற கொள்ளைக்காரன் டயானாவைக் கவர்ந்து போக, ஷேக் போரிட்டு மீட்கிறான். அதில் படுகாயம் அடைகிறான்.

இறுதிக் காட்சியே படத்தின் திறவுகோல். மயங்கிக் கிடக்கும் ஷேக்கின் கையைப் பற்றியிருக்கும் டயானா, ஓர் அரேபியனுக்கு இது பெரிய கையாக இருக்கிறதே என்கிறாள். அவன் அரேபியனே அல்ல, தந்தை ஆங்கிலேயர், தாய் ஸ்பானியப் பெண் என்று ரவூல் உண்மையை உடைக்கிறார். அதன் பிறகே காதல் நிறைவேறுகிறது. அரேபியனாக இருப்பதால்தான் அவன் கவர்கிறான். அரேபியனாகவே இருந்தால் அவளை மணக்க முடியாது. வெள்ளையரல்லாதவர் வெள்ளையரை மணப்பதைப் பல மாநிலச் சட்டங்கள் தடைசெய்திருந்த அமெரிக்காவில், கதைக்கு வேறு முடிவு வைக்க யாரும் துணியவில்லை.

நாயகன்

வாலண்டினோ 1895 மே 6 அன்று தென்னித்தாலியின் காஸ்டெல்லனெட்டாவில் பிறந்தார். குடும்பப் பெயர் குலியெல்மி. 1913 இறுதியில் நியூயார்க் வந்து இறங்கியவர், சில்லறை வேலைகளுக்குப் பின் நடன விடுதிகளில் பெண்களுக்கு ஆட்டத்துணையாகச் சம்பாதித்தார். ஹாலிவுட்டுக்குப் போனபோது மாநிறமும் கருங்கூந்தலும் அவரைச் சில்லறை வில்லன் வேடங்களிலேயே நிறுத்தின. அவரிடம் ஒரு நாயகனைக் கண்டவர் மெட்ரோ நிறுவனத்தின் கதாசிரியர் ஜூன் மேதிஸ். அவருடைய வற்புறுத்தலால்தான் 'தி ஃபோர் ஹார்ஸ்மென் ஆஃப் தி அபோகாலிப்ஸ்' (1921) படத்தின் முக்கிய வேடம் வாலண்டினோவுக்குக் கிடைத்தது. அதில் அவர் ஆடிய டாங்கோ நடனம் பரபரப்பானது. அதே ஆண்டில் ஃபேமஸ் பிளேயர்ஸ்-லாஸ்கிக்கு மாறி ஷேக் ஆனார்.

விரியும் கண்கள், புடைக்கும் நாசி, பல்தெரியும் சிரிப்பு என ஷேக்காக அவர் காட்டும் பாவங்கள் இன்றைய பார்வைக்கு மிகையாகத் தெரியும். உடலசைவோ வேறு வகை. நடனக்காரர் என்பதால் குதிரை ஏறுவது, அங்கியை ஒதுக்குவது, வாசலில் நிற்பது எல்லாவற்றிலும் ஒரு லயம் இருக்கிறது. ரசிகைகளைக் கட்டிப்போட்டது அந்த லயம்.

வரவேற்பு

1921 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் வெளியான படம், போன இடமெல்லாம் கூட்டத்தைக் கூட்டியது. நாகரிக இளைஞர்களை 'ஷேக்' என்று அழைக்கும் வழக்கம் பரவியது. அதே ஆண்டில் வந்த 'தி ஷேக் ஆஃப் அராபி' பாடலும் பிரபலமானது. ஆண்களில் பலர் வாலண்டினோவை வெறுத்தார்கள். அவரது ஒப்பனையும் நடையும் பெண்மை கலந்தவை என்று பத்திரிகைகள் ஏளனம் செய்தன. இதற்குப் பின்னால் காலத்தின் அரசியலும் இருந்தது. தென், கிழக்கு ஐரோப்பியரின் வரவைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1921 மே மாதம் நிறைவேறியது; 1924-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இத்தாலியர்களுக்குக் கதவு சாத்தப்பட்ட அதே காலத்தில்தான் அமெரிக்கப் பெண்களின் கனவு நாயகனாக ஓர் இத்தாலியர் எழுந்தார்.

தி சன் ஆஃப் தி ஷேக்

ஊதியம், படைப்புரிமை ஆகியவற்றில் நிறுவனத்தோடு மோதிய வாலண்டினோ, 1922-இல் நடிக்க மறுத்து விலகி நின்றார். மனைவி நடாஷா ரம்போவாவுடன் ஓர் அழகுப்பொருள் விளம்பரத்துக்காக நாடெங்கும் நடனமாடிக் காலம் தள்ளினார். பின்னர் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸில் சேர்ந்து, ஜார்ஜ் ஃபிட்ஸ்மாரிஸ் இயக்கிய 'தி சன் ஆஃப் தி ஷேக்' (1926) படத்தில் தந்தை, மகன் இரண்டு வேடங்களிலும் நடித்தார். நாயகி வில்மா பாங்கி. டயானாவாக ஆக்னஸ் ஏர்ஸ் மீண்டும் வந்தார். அரிசோனாவின் யூமா அருகே மணல்மேடுகளில் படப்பிடிப்பு நடந்தது. கோபத்தில் தந்தை ஓர் இரும்புக் கம்பியை வளைக்க, மகன் அதை நிமிர்த்தும் காட்சியில், ஒரே நடிகர் முதுமையின் கம்பீரத்தையும் இளமையின் திமிரையும் பிரித்துக் காட்டுகிறார். முதல் படத்தைவிட நடிப்பில் இது பல படி மேல். 2003-இல் இது அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

மரணம்

படத்தை விளம்பரப்படுத்தப் பயணம் செய்துகொண்டிருந்தபோது, 1926 ஜூலையில் 'சிகாகோ ட்ரிப்யூன்' தலையங்கம் ஒன்று அமெரிக்க ஆண்மை கெட்டதற்கே வாலண்டினோதான் காரணம் என்பதுபோல் தாக்கியது. அவர் குத்துச்சண்டைக்குச் சவால் விட்டார், எழுதியவர் முன்வரவில்லை. ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஹோட்டலில் சுருண்டு விழுந்தார். இரைப்பைப் புண்ணுக்கும் குடல்வால் நோய்க்கும் அறுவை நடந்தது. வயிற்று உறை அழற்சி முற்றி, ஆகஸ்ட் 23 அன்று 31 வயதில் இறந்தார். உடலைக் காணத் தெருக்களில் திரண்ட கூட்டம் சுமார் ஒரு லட்சம் என மதிப்பிடப்பட்டது. நெரிசலில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. ஹாலிவுட் கல்லறையில் ஜூன் மேதிஸ் தம் குடும்பத்துக்கென வைத்திருந்த இடத்தைக் கொடுத்தார். மறு ஆண்டு இறந்த மேதிஸும் அவர் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மதிப்பீடு

அரேபியரைக் காமம், கொள்ளை, கொடூரம் ஆகியவற்றின் அடையாளமாகக் காட்டும் ஹாலிவுட் பழக்கத்துக்கு 'தி ஷேக்' பெரும் ஊக்கம் தந்தது. அந்தப் பழி நியாயமானது. அடுத்த தலைமுறைப் படங்களும் அந்தப் பிம்பத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தின. அதேசமயம், திரையில் பெண்களின் விருப்பத்தை மையமாக்கிப் பெருவெற்றி காணலாம் என்று முதன்முதலில் உறுதியாக நிரூபித்த படங்களில் இதுவும் ஒன்று. வில்லன் வேடத்துக்கு மட்டுமே ஏற்றது என ஒதுக்கப்பட்ட ஒரு முகத்தை அந்த ரசிகைகளே நாயகனாக்கினார்கள். பதுங்கி அஞ்சியது படத் துறை. தயங்காமல் ஏற்றுக்கொண்டவர்கள் பார்வையாளர்கள்.