ஹேக்கர் என்ற பெயரின் கதை



உங்கள் பிள்ளைகளில் சிலர் தங்கள் பெயரோடு ‘ஹேக்கர்’ என்று போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். பெற்றோரில் சிலர் பயப்படுகிறீர்கள், சிலர் பெருமைப்படுகிறீர்கள். இரண்டுக்கும் முன் அந்தச் சொல்லின் வரலாற்றைத் தெரிந்துகொள்வோம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1946-இல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் மன்றம் தொடங்கினார்கள். மேசைக்கு மேலே குட்டி ரயில் ஓடும். கீழே ஒயர்களும் ரிலேக்களும் பின்னிக் கிடக்கும். அவற்றைக் குடைந்து பார்ப்பதைத்தான் ‘ஹேக்’ செய்வது என்றார்கள். 1955 ஏப்ரலில் எழுதிய கூட்டக் குறிப்பிலேயே அச்சொல் இருக்கிறது. எந்த இடத்தில் தெரியுமா? மின் இணைப்பில் ஹேக் செய்கிறவர்கள், ஃபியூஸ் போகாதிருக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள் என்று ஓர் உறுப்பினர் வேண்டுகிறார். பொறுப்பும் கூடவே பிறந்திருக்கிறது, பாருங்கள்.

1961-இல் எம்.ஐ.டி.க்கு பி.டி.பி.-1 கணினி வந்தது. மறு வருடமே ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் அதில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டை எழுதினார்கள். காசுக்கு விற்கவில்லை. மற்றவர்கள் பிரதி எடுத்து மேலும் திருத்தினார்கள்.

எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல மாட்டேன். 1963-இல் அங்கேயே தொலைபேசி இணைப்புகளில் விளையாடிய மாணவர்களையும் கல்லூரிப் பத்திரிகை ‘ஹேக்கர்’ என்றுதான் எழுதியது. 1983-இல் மில்வாக்கி நகரத்து இளைஞர்கள் சிலர் லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடக் கணினியிலும், நியூயார்க் புற்றுநோய் மருத்துவமனைக் கணினியிலும் நுழைந்து பிடிபட்டார்கள். அதன்பின் ஊர் உலகத்துக்கு ஹேக்கர் என்றால் திருடன் என்றாகிவிட்டது.

நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவுக்கு ‘ஹேக்கிங்’ என்றே தலைப்பிட்டது. 2008 திருத்தத்தில் அந்தத் தலைப்பை எடுத்துவிட்டு ‘கணினி தொடர்பான குற்றங்கள்’ என்று மாற்றினார்கள். உரியவர் அனுமதியின்றி, நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை, செயலைத்தான் பார்க்கிறது.

அமெரிக்கக் கணினிக்காரர்கள் 1975 முதல் தொகுத்துவந்த சொற்பட்டியல் ஒன்று உண்டு. ஹேக்கர் என்று தானே சொல்லிக்கொள்வதைவிடப் பிறர் சொல்வதே மேல் என்கிறது அது. நியாயம்தானே? ‘நல்ல வாத்தியார்’ என்று நானே பலகை மாட்டிக்கொள்ள முடியுமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே பிள்ளைகளைத் திட்டாதீர்கள், தூக்கியும் வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேளுங்கள்: “நீ எதைச் செய்து பார்த்தாய்? யாரிடம் அனுமதி கேட்டாய்?” இரண்டுக்கும் தலைநிமிர்ந்து பதில் சொல்லும் பிள்ளைக்கு அந்தப் பெயர் தானாகத் தேடி வரும்.

அனைவரும் நலமாக இருங்கள்.