புன்னைக்காயல் பிள்ளைகளுக்கு ஒரு பாடப் புத்தகம்

போன வாரம் அக்கா மகளுக்காகத் தமிழ்க் கதைப் புத்தகம் தேடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ரெண்டே நிபந்தனைதான். "எழுத்து ஈசியா இருக்கணும் மாமா, கதை பயமா இருக்கணும்." தேடப்போன இடத்தில் வேறொரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகம் அச்சில் வரத் தொடங்கியது எப்போது?

அழ. வள்ளியப்பா, வாண்டுமாமா, 1947இல் தொடங்கி வேதாளத்தை முருங்கை மரத்தில் தொங்கவிட்ட அம்புலிமாமா என்றுதான் நம் நினைவு போகும். நான் தேடிப் போய் நின்ற ஆண்டு 1579. இடம், முத்துக்குளித்துறை. தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று நீளும் அதே கரைதான்.

முத்துக்குளிப்பில் யார் கை ஓங்குவது என்ற சண்டையில் நெருக்கப்பட்ட பரதவர்கள், 1530களில் போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடி மொத்தமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பெயர் மாறியது. ஆனால் என்ன நம்பவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. கொஞ்சம் போர்த்துகீசியம் தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லவைத்தார்.

அந்தத் தமிழாக்கத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'நான் விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று வைத்திருந்தார்கள். ஒரு கரையே கூடி நின்று கடவுளிடம் 'எனக்கு வேணும், எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1544இல் சவேரியாரே அதைக் கண்டுபிடித்து, 'வேணும்' வேண்டாம், 'விசுவாசம்' என்று சொல்லுங்கள் எனத் தன் சக ஊழியருக்குக் கடிதம் எழுதினார். சிரிப்பு வரும்தான். ஆனால் பாதுகாப்புத் தேடி மதம் மாறிய சனங்களுக்கு அந்தப் பிழை ஒருவகையில் பொருத்தமாகத்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

இந்த மாதிரிப் பிழைகளைச் சரிசெய்ய உட்கார்ந்தவர்தான் என்றிக்கே என்றிக்கஸ். அண்டிறிக்கிப் பாதிரியார் என்பது கரையோரம் அவருக்கு வைத்த பெயர். 1520இல் போர்த்துகலில் பிறந்தவர். யூத வம்சாவளி என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் நீடிக்க விடவில்லை. இயேசு சபை சேர்த்துக்கொண்டது. 1547 வாக்கில் இந்தக் கரைக்கு வந்தவர் 1600இல் சாகும்வரை பெரும்பாலும் இங்கேதான் இருந்தார். லத்தீன் இலக்கணத்தின் அச்சில் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதியதில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய இலக்கணம் அதுதான்.

1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் புத்தகம் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதன் மூலம் மார்கோஸ் ஜோர்ஜ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் எழுதியது. சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, உரையாடலாக அமைத்தது என்று மூலநூலின் தலைப்பிலேயே இருக்கிறது. ஆசிரியர் கேட்பார், மாணவன் பதில் சொல்வான். ஆக, தமிழ் எழுத்தில் அச்சான இரண்டாவது புத்தகமே ஒரு பிள்ளைகள் பாடப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு!

எளிய புத்தகமா என்றால், மொழி எளிது, எழுத்து எளிதில்லை. ஓலைச்சுவடி வழக்கப்படியே அச்சிலும் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். 'கடல' என்று இருந்தால் கடலா, கடலையின் பாதியா என்று வாசிப்பவரே ஊகிக்கவேண்டும். அதனால் ஒருவர் வாசிக்க, பலர் கேட்டுத் திருப்பிச் சொல்லும் புத்தகமாகத்தான் அது பயன்பட்டிருக்க முடியும்.

சரி, பயத்துக்கு வருவோம். 1586இல் வந்தது 'அடியார் வரலாறு'. புன்னைக்காயலில் அச்சானதாகச் சொல்வார்கள். 600 பக்கத்துக்கு மேல், புனிதர்களின் கதைகள். ஐரோப்பாவில் இந்த வகை நூல்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், பாதிக்கு மேல் திகில்தான். இரும்புக் கம்பி அடுப்பில் வைத்து வாட்டப்பட்ட லாரன்ஸ், பாலைவனத்தில் பேய்களோடு மல்லுக்கட்டிய அந்தோணியார், பறவை நாகத்தைக் குத்திய ஜார்ஜ்.

இந்தக் கரைக்குப் பயக்கதை புதிதும் அல்ல. சுறாவை மந்திரத்தால் கட்டிவைக்கிற கடல்கட்டி இல்லாமல் முத்துக்குளிக்க இறங்கமாட்டார்கள். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குப் போனது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே மார்கோ போலோ எழுதியிருக்கிறார். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குகிறவனுக்குப் பேயும் சுறாவும் பொழுதுபோக்குக் கதை இல்லையே. பழைய பயத்தின் இடத்தில் புதிய பயத்தையும், அதைத் தாங்க ஒரு புனிதரையும் வைத்தது அந்தப் புத்தகம்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். சவேரியார் தன் கடிதத்தில் பெருமையாகவே எழுதுகிறார்: பாடம் படித்த பிள்ளைகள் சொந்தத் தாய் தகப்பனையே கண்டித்தார்கள், வீட்டில் விக்கிரகம் இருந்தால் வந்து சொன்னார்கள், அவற்றை உடைத்து மிதித்தார்கள் என்று. பிள்ளைகளுக்கு எழுதுவது சின்ன வேலை இல்லை என்பதை அந்தப் பாதிரியார்கள் நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். வீட்டுக்குள் நுழைய மிகச் சிறிய கதவு எது என்று அவர்களுக்குத் தெரியும்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினாலும் நியாயமில்லை. அச்சு வேலைக்காகப் பரதவர்கள் 400 குருசாதோ திரட்டிக் கொடுத்தார்கள். வேறு யாரும் தமிழை அச்சில் ஏற்ற நினைக்காத காலத்தில், கடலில் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த சனங்கள் புத்தகத்துக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். அதுவும் புலவர் தமிழில் இல்லாமல் தங்கள் வாயில் புழங்கும் தமிழை ஒட்டி எழுதப்பட்ட புத்தகத்துக்கு. 'கொச்சை' என்று பின்னால் பலர் ஒதுக்கிய நடை அது. பிள்ளைகளுக்குப் புரிந்தது அந்த நடைதான்.

'தம்பிரான் வணக்கம்' இன்று ஹார்வர்டில் இருக்கிறது. 'அடியார் வரலாறு' பிரதிகள் வத்திக்கானிலும் கோபன்ஹேகனிலும் இருக்கின்றன. ச. இராசமாணிக்கம் அடிகள் 1967இல் அதைப் பதிப்பித்துத் தூத்துக்குடியிலிருந்தே மறுபடி வெளியிட்டார். ஏறக்குறைய 380 ஆண்டு கழித்து அந்தப் புத்தகம் சொந்தக் கரைக்குத் திரும்பியது அப்படித்தான்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கம்பி அடுப்புக் கதை வரைக்கும் கண்ணை விரித்துக் கேட்டாள். பிறகு, "அந்தப் பிள்ளைங்க வீட்டுச் சாமிய உடைச்சப்ப அவங்கம்மா அழுதாங்களா மாமா?" என்றாள். என்னிடம் இருந்த கதையிலேயே பயமான இடம் அதுதான் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.