ஹாஜி அலியின் கடைசி முகாம்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஆர்.வி. பயணக் காணொளிகள் பார்க்கும் பிள்ளைகள் இப்போது நம் ஊரிலும் நிறையப் பேர். பஸ் அளவான ஒரு வாகனம். உள்ளே கட்டில், குசினி, குளியலறை எல்லாம் இருக்கும். அதைப் பாலைவனத்தில் நிறுத்திவிட்டு, மணல்மேடுகளைப் பார்த்தபடி தேநீர் ஊற்றுவார்கள். சிறிய அளவில் இருந்தால் அதை நாம் கரவன் என்போம். 'கார்வான்' என்பது பாரசீகச் சொல். பாலைவனத்தில் கூட்டமாகப் போகும் பயணிகளையும் அவர்களது ஒட்டகங்களையும் குறித்த சொல் அது. அமெரிக்கப் பாலைவனத்தில் இந்தச் சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் சந்தித்துக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒரு ஹாஜியாரின் கப்றும் இருக்கிறது. அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் மணல்மேடுகளைப் பார்ப்போம். கலிபோர்னியா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லை வரை அல்கோடோன்ஸ் மணல்மேடுகள் நீண்டு கிடக்கின்றன. நீளம் சுமார் 45 மைல், அகலம் சுமார் 6 மைல். சில மேடுகள் 300 அடி உயரம் வரை எழும். அந்தப் பக்கத்தில் முன்னொரு காலம் இருந்த கஹுவில்லா என்ற பெரிய ஏரி வற்றியபோது, அதன் கரை மணலைக் காற்று அள்ளி வந்து குவித்தது என்று புவியியலாளர்கள் விளக்குகிறார்கள். இன்று இதில் பெரும்பகுதி இம்பீரியல் மணல்மேட்டுப் பொழுதுபோக்குப் பிரதேசம். அமெரிக்க மத்திய அரசின் காணி முகாமைத்துவப் பணியகம் இதனைப் பராமரிக்கிறது. வடக்கில் ஒரு பகுதி 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வனாந்தரம் ஆனது. அதற்குள் வாகனம் போக முடியாது.

இங்கே ஆட்கள் வருவது ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரைதான். கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வெயிலில் யாரும் தங்குவதில்லை. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் விடுமுறைக்கு மட்டும் ஓர் ஊரே இடம்பெயர்ந்து வந்ததைப் போலக் கூட்டம் சேரும். முகாம் நிலத்தில் குழாய்த் தண்ணீரோ மின்சாரமோ கிடையாது. குடிக்க, குளிக்க, கழுவத் தேவையான தண்ணீர் முழுவதையும் வாகனத்தின் தாங்கியில் கொண்டுவர வேண்டும். அழுக்குத் தண்ணீர் இன்னொரு தாங்கியில் சேரும், அதை அதற்கென்று உள்ள இடத்தில்தான் கொட்டலாம். குப்பையும் திரும்பத் தங்களோடு போக வேண்டும்.

அந்தப் பெரிய வாகனங்களை யாரும் மணலில் ஏற்றுவதில்லை, ஏற்றினால் புதைந்துவிடும். ஓரத்திலுள்ள இறுகிய தரையில் நிறுத்துகிறார்கள். ஒரே குடும்பத்தார் வட்டமாக நிறுத்தி நடுவில் நெருப்பு மூட்டிக்கொள்வார்கள். மேட்டில் ஏறுவது சிறிய மணல் வண்டிகள். அவற்றின் டயர்களில் காற்றைக் குறைத்துக்கொள்வார்கள், அப்போதுதான் டயர் அகன்று மணலைப் பிடிக்கும். ஒவ்வொரு வண்டியிலும் உயரமான கம்பி ஒன்றும் அதன் நுனியில் கொடியும் கட்டாயம். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் மேட்டின் மேற்குப் பக்கம் சாய்வாகவும் கிழக்குப் பக்கம் செங்குத்தாகவும் இருக்கும். உச்சிக்கு ஏறுபவருக்கு மறுபக்கம் தெரியாது. கொடி இல்லாவிட்டால் எதிரில் வருபவரும் தெரியமாட்டார்.

இன்று விளையாட்டு மைதானமாக இருக்கும் இந்த மணல் முன்பு ஆட்களைத் திருப்பி அனுப்பிய மணல். 1774இல் ஸ்பானியத் தளபதி ஹுவான் பவுதிஸ்தா தெ ஆன்ஸா கலிபோர்னியாவுக்குத் தரைவழி தேடி வந்தார். கொலராடோ ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் நுழைந்தவரின் மிருகங்கள் மணலில் சோர்ந்து விழுந்தன. அவர் ஆற்றங்கரைக்கே திரும்பி, சுமைகளில் ஒரு பகுதியை அங்கே விட்டுவிட்டு, தெற்கால் சுற்றிப் போனார். அந்த ஆற்றங்கரை கெச்சான் மக்களின் மண். அவருக்கு உதவிய கெச்சான் தலைவரை வரலாற்று நூல்கள் சல்வடோர் பால்மா என்கின்றன. அது ஸ்பானியர் இட்ட பெயர். சொந்த மண்ணில் நின்று விருந்தாளிக்கு உதவியவரை உலகம் விருந்தாளி வைத்த பெயரால்தான் அறிகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒட்டகங்களின் கதை. 1840களின் இறுதியில் அமெரிக்கா மெக்சிகோவிடமிருந்து பெரிய பாலைநிலத்தைக் கைப்பற்றியது. அங்கே இராணுவத்துக்குச் சாமான் கொண்டுபோவது பெரிய தலையிடி. குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் தண்ணீர் போதவில்லை. யுத்தச் செயலாளராக இருந்த ஜெபர்சன் டேவிஸ் ஒட்டகம் கொண்டுவரலாம் என்ற யோசனையை முன்வைத்தார். பின்னாளில் உள்நாட்டு யுத்தத்தில் தென்மாநிலங்களுக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். 1855 மார்ச்சில் கொங்கிரஸ் இதற்காக 30,000 டொலர் ஒதுக்கியது. மேஜர் ஹென்றி வெய்ன், கடற்படை அதிகாரி டேவிட் போர்ட்டர் ஆகிய இருவரும் 'சப்ளை' என்ற கப்பலில் தூனிஸ், எகிப்து, ஸ்மிர்னா என்று அலைந்து ஒட்டகங்களை வாங்கினார்கள். ஸ்மிர்னா என்பது இன்று துருக்கியிலுள்ள இஸ்மிர். 1856 மே மாதம் டெக்சாஸ் கரையில் 34 ஒட்டகங்கள் இறங்கின. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் இன்னும் 41 வந்து சேர்ந்தன.

ஒட்டகம் வந்தால் போதுமா? அதற்குச் சேணம் கட்டவோ, அதை மண்டியிட வைக்கவோ அமெரிக்கச் சிப்பாய்களுக்குத் தெரியாது. அதனால் உஸ்மானிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த சிலரைச் சம்பளத்துக்குக் கூட்டி வந்தார்கள். அரபியர், துருக்கியர், கிரேக்கர் என்று கலந்த ஒரு சிறு கூட்டம். அதில் ஒருவர் ஹாஜி அலி. சுமார் 1828இல் பிறந்தவர், சிரிய, கிரேக்க வம்சாவளி. பெயருக்கு முன்னால் இருந்த ஹாஜி என்ற சொல்லின் கனதி நமக்குத் தெரியும். அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அது தெரியாது. 'ஹாஜி அலி' அவர்கள் வாயில் 'ஹை ஜாலி' ஆனது. ஜாலி என்றால் அவர்கள் மொழியில் குதூகலம். ஒரு மனிதர் கடமை நிறைவேற்றிப் பெற்ற பட்டம் பகிடிப் பெயராக மாறிவிட்டது.

1857இல் எட்வர்ட் பீல் என்பவரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. நியூ மெக்சிகோ பகுதியிலிருந்து கொலராடோ ஆறு வரை வண்டிப் பாதை ஒன்றை அளந்து அமைக்க வேண்டும். அல்கோடோன்ஸ் மணல்மேடுகளுக்கு வெகு வடக்கே போகும் பாதை அது. பீல் 25 ஒட்டகங்களோடு புறப்பட்டார், அவற்றை நடத்தியவர்களில் ஹாஜி அலியும் ஒருவர். ஒட்டகங்கள் பெரும் சுமையோடு கல்லிலும் முள்ளிலும் நடந்தன, மற்ற மிருகங்கள் தொடாத பற்றைகளைத் தின்றன. ஒக்டோபரில் கொலராடோ ஆற்றைக் கடக்கும்போது அவை நீந்துமா என்று எல்லோருக்கும் பயம் இருந்தது. ஒட்டகங்கள் எல்லாம் பத்திரமாக நீந்திக் கரையேறின. குதிரைகளிலும் கோவேறு கழுதைகளிலும் சில மூழ்கி இறந்தன. அன்று அமைத்த பாதையை ஒட்டித்தான் பின்னர் புகையிரதப் பாதையும், புகழ்பெற்ற 66ஆம் இலக்க வீதியும் பெருமளவு அமைந்தன. இன்று அந்தப் பக்கம் விடுமுறைக்குப் போகும் ஆர்.வி. வாகனங்கள் ஒட்டகங்கள் நடந்து காட்டிய தடத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன.

ஆனாலும் ஒட்டகப் படை நிலைக்கவில்லை. ஒட்டக வாடை பட்டாலே குதிரைகள் வெருண்டன. கோவேறு கழுதைக்குப் பழகிய சிப்பாய்களுக்கு ஒட்டகத்தோடு ஒத்துப்போகவில்லை. 1861இல் உள்நாட்டு யுத்தம் தொடங்கியதும் யாரும் இதைக் கவனிக்கவில்லை. கலிபோர்னியாவில் இருந்தவை 1864இலும், டெக்சாஸில் இருந்தவை 1866இலும் விற்கப்பட்டன.

ஹாஜி அலி ஊர் திரும்பவில்லை. சில ஒட்டகங்களை வைத்துக்கொண்டு கொலராடோ ஆற்றுத் துறையிலிருந்து சுரங்கங்களுக்குச் சாமான் ஏற்றும் தொழில் செய்தார். அது சரிவரவில்லை, ஒட்டகங்களை அரிசோனாப் பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டார். பிறகு இராணுவத்தின் பொதி மிருகங்களை நடத்தினார், வழிகாட்டியாகவும் இருந்தார். 1880இல் டூசான் நகரில் அமெரிக்கப் பிரஜாவுரிமை பெற்றபோது பத்திரத்தில் எழுதிய பெயர் பிலிப் டெட்ரோ. அதே ஆண்டு கெர்ட்ருடிஸ் செர்னா என்ற பெண்ணைத் திருமணம் செய்தார், இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். கடைசிக் காலத்தில் சுரங்கத் தாது தேடித் திரிந்து, 1902 டிசம்பர் 16இல் அரிசோனாவின் குவார்ட்சைட் என்ற சிறிய ஊரில் மௌத்தானார். அவர் உள்ளத்தில் எந்த நம்பிக்கையோடு போனார் என்பதை அல்லாஹ் அறிவான். அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை.

அவர் மௌத்தான 13 ஆண்டுகளுக்குப் பிறகுதான் நாம் முதலில் பார்த்த மணல்மேடுகளுக்குக் குறுக்கே மோட்டார் வாகனங்களுக்கு வழி பிறந்தது. 1915இல் மணலுக்கு மேல் பலகை அடுக்கி வீதி போட்டார்கள். சான்டியாகோ நகரைச் சேர்ந்த எட் பிளெட்சர் என்ற வர்த்தகர் முன்னின்று பலகைக்குப் பணம் சேர்த்தார். சுமார் ஆறரை மைல் நீளத்துக்கு, சில்லுகள் ஓட இரண்டு பலகைக் கோடுகள். அடுத்த ஆண்டே அதை எடுத்துவிட்டு, பலகைகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய துண்டுகளைப் பதித்தார்கள். ஒரு வாகனம்தான் போகலாம். எதிரில் இன்னொன்று வந்தால், இடையிடையே விட்டிருந்த ஒதுங்கும் இடம் வரை ஒருவர் பின்னால் போக வேண்டும். யார் போவது என்று சண்டை நடந்தது. காற்றடித்தால் வீதியே மறைந்துவிடும், கோவேறு கழுதைகளைக் கட்டி மணலை வழித்தார்கள். 1926இல் தார் வீதி வந்ததும் பலகை வீதியின் காலம் முடிந்தது. அதில் ஒரு துண்டை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அதிவேக வீதியில் ஆர்.வி. வாகனங்கள் சில நிமிடங்களில் மணல்மேடுகளைக் கடந்துவிடுகின்றன.

அந்த மணல்மேடுகளிலிருந்து நூறு மைல்களுக்குள் இருக்கிறது ஹாஜி அலி மௌத்தான குவார்ட்சைட். நிரந்தரமாக வாழ்பவர்கள் ஏறக்குறைய 2,400 பேர்தான். குளிர்காலம் வந்தால் வடக்கின் பனிக்குத் தப்பி, பெரும்பாலும் ஓய்வுபெற்ற முதியவர்கள், ஆர்.வி. வாகனங்களில் வந்து குவிகிறார்கள். 1983 முதல் அரசாங்கமே பாலைவனத்தில் நீண்டகால முகாம் நிலங்களை ஒதுக்கியிருக்கிறது. செப்டெம்பர் 15 தொடக்கம் ஏப்ரல் 15 வரை அனுமதிச்சீட்டு எடுத்துத் தங்கலாம். குறுகிய காலம் தங்க 14 நாள் முகாம் நிலமும் உண்டு. அதன் பெயர் என்ன தெரியுமா? ஹை ஜாலி.

ஊரின் மையவாடியில் அவரது கப்றுக்கு மேல் கற்களால் ஒரு சிறிய பிரமிட் நிற்கிறது. உச்சியில் செம்பினால் செய்த ஒட்டகம். 1935இல் அதைக் கட்டியது அரிசோனாவின் நெடுஞ்சாலைத் திணைக்களம். வீதி போடும் திணைக்களம் பழைய வழிகாட்டிக்குச் செய்த மரியாதை அது, பாராட்டத்தான் வேண்டும். அங்கே பதித்த தகட்டில் இது ஹை ஜாலியின் கடைசி முகாம் என்றும், சிரியாவில் எங்கோ பிறந்தவர் என்றும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க அரசுக்கு விசுவாசமாக உதவியவர் என்றும் பொறித்திருக்கிறார்கள்.

அந்த 'எங்கோ' என்ற சொல்லில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அவருக்கும் ஓர் ஊர் இருந்தது. பெயர் சொல்லி அழைத்த உம்மா இருந்தார். ஆனால் அவர் தன் கையால் எழுதிவைத்த வரலாறு எதுவும் நம்மிடம் வந்து சேரவில்லை. பீலின் அறிக்கையிலும், அதிகாரிகளின் குறிப்புகளிலும், பத்திரிகைக் கதைகளிலும் மற்றவர்கள் பார்த்த அளவுக்குத்தான் அவர் மிஞ்சியிருக்கிறார். இவருக்காவது ஒரு கல் இருக்கிறது. கூட வந்த மற்றவர்களில் பலருக்கு அதுவும் இல்லை.

இதை அமெரிக்காவின் கதை என்று விட்டுவிட முடியாது. கண்டி இராச்சிய காலத்தில் போக்குவரத்தைக் கவனித்த 'மடிகே பத்த' பிரிவில் நம் முன்னோர்கள் வேலை செய்தார்கள். பொதி மாடுகளோடு தவளம் போனார்கள். கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, பாக்கும் மிளகும் கீழே இறங்கின. அவர்கள் நடந்த பாதைகள் எத்தனையோ இன்று வாகன வீதிகள். தவளம் போன ஒருவரின் பெயரை நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? மூத்தவாப்பாவின் வாப்பா பெயரைக் கேட்டால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மௌனம். நாம் எழுதாமல் விட்டால் வேறு யாராவது எழுதுவார்கள், அவர்கள் வாய்க்கு வந்தபடி. அப்போது நம் ஹாஜியார்களும் ஹை ஜாலிகள்தான்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். இந்தப் பாடசாலை விடுமுறையில் உங்கள் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் பிள்ளையை உட்கார வையுங்கள். நான்கு கேள்வி போதும். உங்கள் வாப்பாவின் முழுப் பெயர் என்ன? அவர் எந்த ஊரிலிருந்து வந்தார்? என்ன தொழில் செய்தார்? நம் ஊரின் பழைய கிணறு, பாதை, பாலம் இவற்றில் யாருடைய உழைப்பு இருக்கிறது? பதிலை அவர் சொல்கிறபடியே கொப்பியில் எழுதட்டும், தொலைபேசியில் குரலையும் பதியட்டும். பெயரைச் சொல்கிற விதத்திலேயே எழுதுவது முக்கியம், அழகாக்கவோ திருத்தவோ வேண்டாம். விரும்பியவர்கள் கீழே கருத்திலும் எழுதுங்கள், ஒரே இடத்தில் சேர்த்து வைப்போம்.

குவார்ட்சைட் மையவாடியில் உறங்கும் ஹாஜி அலியையும், பெயர் தெரியாமல் போன அவரது தோழர்களையும், தவளம் போன நம் மூத்தவர்களையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.