ஜாயந்தே ரூத் நீர்ப் போராட்டங்கள்

ஈரானின் இஸ்ஃபஹான் மாநில உழவர்கள் ஆற்றுநீர் உரிமைக்காக நடத்திவரும் போராட்டங்கள். ஜாக்ரோஸ் மலையில் பிறக்கும் ஜாயந்தே ரூத், ஏறத்தாழ 400 கி.மீ. கிழக்கே ஓடி காவ்கூனி சதுப்புநிலத்தில் முடிகிறது. அறிஞர் ஷேக் பஹாயி பெயரால் வழங்கும் பழைய பங்கீட்டு ஏடு, இதன் நீரை ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுத்தது. முறைப்பாசனம் அதன்படியே நடந்தது. 20ஆம் நூற்றாண்டில் அணையும் எஃகு ஆலைகளும் வந்தன. பின்னர் யஸ்து நகருக்குக் குழாய்வழி நீர் கொண்டுசெல்லப்பட்டது. கடைமடை உழவர்களின் மரபுரிமை பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2000க்குப் பின் ஆண்டின் பல மாதங்கள் ஆறு வறண்டே கிடக்கிறது.

2013இல் கிழக்கு இஸ்ஃபஹான் உழவர்கள் யஸ்துக் குழாய்த்தடத்தைச் சேதப்படுத்தினர். 2021 நவம்பரில் இஸ்ஃபஹான் நகரின் காஜூ பாலத்தருகே காய்ந்த ஆற்றுப்படுகையில் கூடாரமிட்டு அமர்ந்தனர். நகரமக்கள் ஆயிரக்கணக்கில் அவர்களுடன் சேர்ந்தனர். காவல்துறை கூடாரங்களை அகற்றி, கண்ணீர்ப்புகையும் சிறுகுண்டுகளும் கொண்டு கூட்டத்தைக் கலைத்தது. பலருக்குக் கண்களில் காயம்.

வெப்பம் கூடுவதும் மழை குறைவதும் உண்மையே. ஆனால் வறட்சியை மட்டும் காரணமாகக் காட்டுவது நேர்மையாகாது: வரம்புமீறிய நீர் ஒதுக்கீடும் நிலத்தடி நீர் உறிஞ்சலும் ஆட்சியாளர் முடிவுகளே. ஆற்றின் தலைப்பகுதியான சஹார்மஹால்-பக்தியாரி மக்களும் தங்கள் நீர் வெளியே கொண்டுபோகப்படுவதை எதிர்க்கின்றனர். நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டதால் இஸ்ஃபஹான் நகரத்தில் நிலம் அமிழ்ந்து, வீடுகளிலும் தொன்மைக் கட்டடங்களிலும் விரிசல்கள் விழுந்துள்ளன.